மீண்டானா, மீட்டானா?

காய்ச்சல் தீர்ந்து பள்ளிக்கு வந்த தோழனைப் பற்றி, நம் தோட்டப்பள்ளி மாணவன் ஒருவன், "அவன் காய்ச்சலை மீட்டான்" என்று மொழிபெயர்த்தான். வகுப்பே சிரித்தது. 'ரிக்கவர்' என்றால் மீட்டல் என்று மனனம் செய்வித்தவர்கள் நாமல்லவா? பிழை நம்முடையதே.

தமிழில், நோயிலிருந்து மீண்டான் என்பது தன்வினை. களவுபோன சைக்கிளை மீட்டான் என்பது பிறவினை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ரிக்கவர்' ஒன்றே. அச்சொல்லை அடுத்து உடனே 'ஃப்ரம்' வந்தால் மீண்டான். இழந்த பொருளின் பெயர் வந்தால் மீட்டான்.

இதன் உறவுச் சொற்களையும் காண்போம். இழந்த வலிமையைத் திரும்பப் பெறுவது 'ரிகெயின்'. அடகு நகையைப் பணம் கட்டி மீட்பது 'ரிடீம்'. தேடிச் சென்று எடுத்து வருவது 'ரிட்ரீவ்'. வேட்டையில் வீழ்ந்த பறவையைக் கவ்வி வரும் நாய்க்கு 'ரிட்ரீவர்' என்று பெயர் வந்தது இதனால்தான்.

ஆகவே, சொல்லுக்கு ஒரு பொருளை மட்டும் கற்பித்து நிறுத்தாமல், அது வாழும் வாக்கியத்தையும் சேர்த்தே பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்.