குப்ரிக் வேண்டாம் என்ற இசை

மஞ்சள் நிற வோக்ஸ்வாகன் கார் ஒன்று மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருக்கிறது. கேமரா ஹெலிகாப்டரில் இருந்தபடி அதைப் பின்தொடர்கிறது. ஏரி, காடு, பாறைச் சரிவு, பனி மூடிய முகடு. காரில் இருப்பவர் மலைமேல் உள்ள ஒரு ஓட்டலுக்கு வேலை விஷயமாகப் போகிறார், அவ்வளவுதான். ஆனால் பார்ப்பவருக்கு அடிவயிறு கலங்குகிறது. ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1980-இல் வெளிவந்த 'தி ஷைனிங்' படத்தின் தொடக்கம் இது. அமெரிக்காவின் மான்டனா மாநிலத்தில், கிளேசியர் தேசியப் பூங்காவில் எடுத்த காட்சி. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏலத்தோட்ட ஜீப்பில் ஏறிப் பழகிய தேவாரம் ஊர்க்காரருக்கு அந்தப் பாதை பெரிய மிரட்டலாகத் தெரியாது. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால் சுற்றுலா விளம்பரம் என்றே தோன்றும். பயம் மொத்தமும் இசையில் இருக்கிறது.

அந்த மெட்டு மிகப் பழையது. கத்தோலிக்கத் தேவாலயங்களில் இறந்தவர்களுக்கான திருப்பலியில் பாடப்பட்ட 'தியெஸ் ஈரே' என்ற லத்தீன் பாட்டிலிருந்து எடுத்தது. இறுதித் தீர்ப்பு நாளின் கோபத்தைச் சொல்லும் பாட்டு. அதன் முதல் நான்கு சுரங்களை நம் முறையில் பாடினால் க-ரி-க-ச என்று வரும். காந்தாரம், சாதாரண காந்தாரம். ஒரு படி இறங்கி, ஏறிப் பார்த்து, பிறகு முன்பைவிடக் கீழே போய் உட்காரும். 1830-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் தன் சிம்பொனி ஒன்றில் சூனியக்காரிகளின் இரவுக் கூட்டத்துக்கு இதே மெட்டைப் பயன்படுத்தியிருந்தார். 'தி ஷைனிங்' படத்தில் அதைச் சிந்தசைசரின் அடித்தொண்டை ஒலியில் கேட்கிறோம். அதற்கு மேலே, எங்கோ தூரத்தில், ஊளையா அழுகையா என்று சொல்ல முடியாத சத்தங்கள் வந்து போகின்றன. அவை மனிதக் குரல்தான். கருவிகளில் செலுத்தி அடையாளம் தெரியாமல் மாற்றப்பட்ட குரல்.

சிந்தசைசர் வாசித்தவர் வெண்டி கார்லோஸ். குரல் கொடுத்தவர் அவருடைய தயாரிப்பாளரும் கூட்டாளியுமான ரேச்சல் எல்கைண்ட். இவர்கள் இந்தப் படத்துக்காகச் செய்த இசையில் பெரும்பகுதியைப் படத்தில் கேட்க முடியாது. குப்ரிக் வைத்துக்கொண்டது தொடக்க இசையையும், குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போகும் பயணத்தில் வரும் ஒரு துண்டையும், இன்னும் சில ஒலிகளையும்தான்.

கார்லோஸ் அப்போது புதுமுகம் இல்லை. 1968-இல் வந்த 'ஸ்விட்ச்டு-ஆன் பாக்' என்ற இசைத்தட்டு அவரை உலகறியச் செய்திருந்தது. ராபர்ட் மூக் உருவாக்கிய சிந்தசைசரில் பாக்கின் இசையை முழுக்க முழுக்க வாசித்திருந்தார். அந்தக் கருவியில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். விரலை இரண்டு கட்டைகளில் வைத்தாலும் ஒன்றுதான் ஒலிக்கும். அதனால் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக வாசித்து, நாடாவின் வெவ்வேறு தடங்களில் பதிந்து, பிறகு சேர்க்க வேண்டும். நடுவில் கருவியின் சுருதி விலகிக்கொண்டே போகும். சரிசெய்து மறுபடி பதிய வேண்டும். அத்தனை பாடும் பட்டு முடித்த அந்தத் தட்டுக்கு மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன. குப்ரிக்கின் 'எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்' (1971) படத்திலும் கார்லோஸ்தான். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை அதில் இயந்திரக் குரலில் பாடவைத்தார்.

அந்தப் பழக்கத்தில்தான் குப்ரிக் மறுபடி அழைத்தார். ஸ்டீபன் கிங்கின் நாவல் 1977-இல் வந்திருந்தது. கார்லோஸும் எல்கைண்டும் படத்தின் ஒரு காட்சியைக்கூடப் பார்க்காமல், நாவலைப் படித்துவிட்டு இசை செய்யத் தொடங்கினார்கள். கதையின் குளிரையும் தனிமையையும் மனதில் வாங்கி ஒலியாக்கினார்கள். பிறகு காட்சிகளைப் பார்த்து மேலும் செய்தார்கள். கடைசியில் படம் தியேட்டருக்கு வந்தபோது முக்கியமான பயக்காட்சிகளில் ஒலித்தது பார்டோக், லிகெட்டி, பெண்டரெட்ஸ்கி ஆகிய ஐரோப்பிய இசையமைப்பாளர்களின் ஏற்கெனவே பதிவான இசை.

படத்துக்கு வெளியேயும் ஓர் இடத்தில் அவர்களின் கைவண்ணம் தப்பிப் பிழைத்தது. படத்தின் முன்னோட்டத்தில் ஒரே ஒரு ஷாட்தான் உண்டு. அசையாத கேமரா, மூடிய லிஃப்ட் கதவுகள், மேலே ஏறும் எழுத்துகள். கதவு இடுக்கிலிருந்து ரத்தம் பெருக்கெடுத்து, நாற்காலிகளை மிதக்கவிட்டு, கேமராக் கண்ணாடியையே மூடுகிறது. அதற்குக் கார்லோஸும் எல்கைண்டும் செய்த இசையில், முறுக்கேறும் கம்பி மாதிரியான ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துகொண்டே போகும். எங்கே முடியும் என்று காது தவிக்கும். இதைக் கேட்ட எவரும் இந்த இருவரின் இசை தரம் குறைந்ததால் நிராகரிக்கப்பட்டது என்று சொல்ல மாட்டார்கள்.

பிறகு ஏன்? குப்ரிக்கின் வேலைமுறையில் பதில் இருக்கிறது. படத்தொகுப்பின்போது காட்சியின் வேகத்தைப் பிடிக்கத் தன்னிடம் உள்ள இசைத்தட்டுகளை ஓடவிட்டு வெட்டுவார். தற்காலிகமாக வைக்கும் இசைதான். ஆனால் நூறு முறை அதே இசையோடு பார்த்த காட்சிக்கு வேறு எதைப் போட்டாலும் ஒட்டாது. எவ்வளவு நல்ல சினிமா இசையமைப்பாளரும் பீத்தோவனோ மொஸார்ட்டோ ஆக முடியாது என்பது அவர் பேட்டியிலேயே சொன்ன கருத்து. '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968) படத்துக்கு அலெக்ஸ் நார்த் எழுதி, பதிவும் செய்த இசையை அப்படியே ஒதுக்கிவிட்டு ஸ்ட்ராஸ் இசையை வைத்தார். நார்த்துக்கு அந்த விஷயம் தெரிந்ததே திரையில் படத்தைப் பார்த்தபோதுதான். ஒதுக்குவது இயக்குநரின் உரிமை. சொல்லாமல் ஒதுக்கியதுதான் கொடுமை.

திகில் படங்களில் இப்படி இசை ஒதுக்கப்படுவது அடிக்கடி நடக்கிறது. எது பயமுறுத்தும் என்பதை முன்கூட்டி யாராலும் அறுதியிட முடியாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். 'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) படத்துக்கு லாலோ ஷிஃப்ரின் செய்ததை இயக்குநர் ஃப்ரீட்கின் ஏற்கவில்லை. மைக் ஓல்ட்ஃபீல்டின் 'ட்யூபுலர் பெல்ஸ்' உள்ளே வந்தது. ஜான் கார்பென்டரின் 'தி திங்' (1982) கதை 'தி ஷைனிங்'குக்கு நேர்மாறு. எனியோ மோரிகோனே எழுதியவற்றில் சிந்தசைசர் துடிப்பு படத்தின் அடையாளமாகிவிட்டது, வாத்தியக் குழுவுக்காக எழுதிய பல துண்டுகள் வெளியே நின்றன. அவற்றில் சிலவற்றை அவர் 33 ஆண்டுகள் கழித்து 'தி ஹேட்ஃபுல் எய்ட்' (2015) படத்தில் பயன்படுத்தினார். அந்தப் படத்தின் இசைக்கு அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது.

நம் பக்கத்தில் வேறொரு வேலைமுறை வளர்ந்தது. தேவாரத்திலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜா, ரீலைப் போட்டுப் பார்த்த கையோடு காகிதத்தில் இசைக்குறிப்பு எழுதி வாத்தியக்காரர்களிடம் கொடுத்துவிடுபவர். ரீ-ரெக்கார்டிங் அந்த வேகத்தில்தான் நடக்கும். மின்னணு ஒலிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1986-இல் வந்த 'புன்னகை மன்னன்' கணினி கொண்டு இசை சேர்த்த முன்னோடித் தமிழ்ப் படங்களில் ஒன்று. பேய்ப்படமான 'உருவம்' (1991) படத்துக்கும் இசை அவர்தான். இசை கைமாறிய பெரிய தமிழ்க் கதையிலும் அவர் பெயர் வருகிறது. 'ஹே ராம்' (2000) படத்துக்கு முதலில் இசையமைத்தவர் வயலின் மேதை எல். சுப்பிரமணியம். அவருடைய மெட்டுகளுக்குப் பாடல் காட்சிகள் எடுத்தாகிவிட்ட நிலையில் படம் இளையராஜாவிடம் வந்தது. நடிகர்களின் உதட்டசைவு மாறாமல், எடுத்த காட்சிகளுக்கே புதிய மெட்டுகளைப் பொருத்தினார். அந்தச் சாதனை இன்றும் பேசப்படுகிறது. முதலில் இருந்த மெட்டுகளைப் பற்றிப் பேச்சே இல்லை.

காகிதத்தில் எழுதிய இசைக்கு மறுபிறவி உண்டு. அலெக்ஸ் நார்த் 1991-இல் இறந்தார். அவருடைய ஒதுக்கப்பட்ட இசையை 1993-இல் ஜெர்ரி கோல்ட்ஸ்மித் ஒரு லண்டன் இசைக்குழுவை வைத்து மறுபடி வாசிக்கச் செய்து வெளியிட்டார். எழுத்து இருந்ததால் அது முடிந்தது. கார்லோஸின் இசைக்கு அந்த வாய்ப்பில்லை. எந்தக் குமிழை எவ்வளவு திருப்பினார், எல்கைண்டின் குரலை எந்தக் கருவி வழியாக விட்டார் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஒலி. சுரங்களை எழுதிவைத்தாலும் ஒலி திரும்பி வராது. அது இருந்தது காந்த நாடாவில் மட்டும்.

நாடாவோ நீடித்து நிற்கும் பொருளில்லை. 1970-களில் செய்த பல நாடாக்களில், காந்தத் தூளைப் பிடித்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் பூச்சு உரிந்து கருவியில் அப்பிக்கொள்ளும், இசை அதோடு போய்விடும். அதனால் முதலில் இளஞ்சூட்டில், ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸில், மணிக்கணக்கில் வைத்து ஈரத்தை எடுக்கிறார்கள். போடி மலையில் பச்சை ஏலக்காயை ஸ்டோர் என்ற உலர்கூடத்தில் நிறம் போகாமல் உலர்த்துவார்களே, கிட்டத்தட்ட அதே சூடு, அதே நிதானம். சூடு கூடினால் கெட்டது. உலர்ந்த நாடா கொஞ்ச காலம் ஓடும். அதற்குள் டிஜிட்டலில் எடுத்துவிட வேண்டும்.

'தி ஷைனிங்' வெளியாகிக் கால் நூற்றாண்டு கழித்து, 2005-இல், கார்லோஸ் தன்னிடமிருந்த பதிவுகளை 'ரீடிஸ்கவரிங் லாஸ்ட் ஸ்கோர்ஸ்' என்ற பெயரில் இரண்டு சி.டி.களாக வெளியிட்டார். படத்தில் வராத பல துண்டுகள் அவற்றில் உள்ளன. கேட்கும்போது இன்னொரு 'ஷைனிங்' மனதில் ஓடும். பெண்டரெட்ஸ்கியின் அலறலுக்குப் பதில், தாழ்ந்த குரலில் நெருங்கி வரும் பயம். குப்ரிக்கின் தேர்வு படத்துக்குப் பொருந்தியிருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனாலும் இந்த மெல்லிய பயத்தோடு அந்தப் படத்தை ஒருமுறை பார்க்கக் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

அந்த சி.டி.கள் இப்போது வெளியிடப்படுவதில்லை. பாட்டுக் கேட்கும் செயலிகளில் தேடினாலும் கார்லோஸின் இசை பெரும்பாலும் அகப்படாது. பழைய சி.டி. விற்பவர்களிடம் எப்போதாவது ஒன்று வருகிறது, உடனே போய்விடுகிறது.