இன்னும் பத்து மீன் போடலாமா?

“மாமா, தொட்டியில நிறைய இடம் இருக்கு. இன்னும் பத்து நியான் டெட்ரா வாங்கிப் போடலாமா?”

உயர்நிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்த என் அக்கா மகன், தீபாவளி முடிந்த வாரத்தில் இப்படிக் கேட்டான். கையில் அன்பளிப்புப் பணம் இருந்தது. மீன் கடைக்குப் போகக் காலணியும் மாட்டிவிட்டான். உடனே சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம், அதற்கு முந்திய ஜூன் விடுமுறையில் நடந்த ஒரு சம்பவம்.

அப்போது தொட்டி புத்தம் புதிது. தண்ணீர் நிரப்பிய அன்றே பத்து மீன்களை விட்டான். ஐந்தாம் நாள் காலையில் ஆறு மீன்கள் மிதந்தன. தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாகத்தான் இருந்தது. “நான் ஒழுங்காத்தானே சாப்பாடு போட்டேன்?” என்று அவன் அழுதது இன்னும் நினைவில் இருக்கிறது. மீன் வளர்க்கும் இளையர் பலருக்கு இப்படி ஓர் அனுபவம் இருக்கக்கூடும். அதனால், தொட்டியில் இடம் இருக்கிறதா என்பதை நாங்கள் இருவரும் எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை இங்கே பகிர்கிறேன்.

தொட்டியில் எத்தனை லிட்டர்?

முதலில் அளவுநாடாவை எடுத்தோம். நீளம் 60 செண்டிமீட்டர், அகலம் 30, உயரம் 36. பெருக்கினால் 64,800 கன செண்டிமீட்டர், அதாவது 64.8 லிட்டர். ஆனால் அடியில் 4 செண்டிமீட்டர் கூழாங்கல். மேலே 4 செண்டிமீட்டர் காலியிடம். நீரின் உயரம் 28 செண்டிமீட்டர்தான். அப்படியானால் 50.4 லிட்டர். அலங்காரக் கற்களையும் வடிகட்டியையும் கழித்துவிட்டு 48 லிட்டர் என்று வைத்துக்கொண்டோம்.

மீன் வளர்ப்போரிடையே பழைய கணக்கு ஒன்று உண்டு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு செண்டிமீட்டர் மீன். தொட்டியில் ஆறு ஹார்லிகுவின் ரஸ்போரா மீன்கள். தீபகற்ப மலேசியா, சிங்கப்பூர், சுமத்ரா ஆகிய பகுதிகளின் காட்டு ஓடைகளைத் தாயகமாகக் கொண்ட, கூட்டமாக வாழும் சிறு மீன் அது. ஒன்றுக்கு 4.5 செண்டிமீட்டர் வீதம் 27. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் பிளெக்கோ ஒன்று, 5 செண்டிமீட்டர். மொத்தம் 32.

“பார்த்தீங்களா? இன்னும் 16 செண்டிமீட்டர் பாக்கி!” என்றான். கடையில் விற்கும் நியான் டெட்ரா 2 செண்டிமீட்டர்கூட இருக்காது. எட்டு மீன்கள் வாங்கலாம் என்பது அவன் கணக்கு.

இன்றைய மீன் அல்ல, நாளைய மீன்

கணக்கு சரி, போட்ட எண்தான் தவறு. கடையில் இருப்பவை குஞ்சுகள். வளர்ந்த பிறகு எவ்வளவு நீளம் இருக்கும் என்பதைத்தான் போட வேண்டும். நியான் டெட்ரா 3 செண்டிமீட்டரைத் தாண்டும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த சாதாரண பிளெக்கோவோ 30 செண்டிமீட்டருக்கு மேல் வளரும். இப்போது கூட்டிப் பாருங்கள்: 27 உடன் 30 சேர்ந்தால் 57. தொட்டியில் இருப்பது 48 லிட்டர். புதிதாக ஒரு மீன்கூட வாங்காமலேயே தொட்டி நிறைந்து வழிகிறது!

இந்தப் பழைய கணக்கிலும் ஓட்டை உண்டு. 30 செண்டிமீட்டர் மீன் ஒன்று, 3 செண்டிமீட்டர் மீன்கள் பத்துக்குச் சமமில்லை. நீளம் பத்து மடங்கானால் அகலமும் உயரமும் ஏறக்குறைய அப்படியே கூடும். எடை ஆயிரம் மடங்கை நெருங்கும். கழிவும் பன்மடங்காகும். எனவே இந்தக் கணக்கு சிறிய, ஒல்லியான மீன்களுக்கு மட்டுமே பொருந்தும். தங்கமீனுக்கும் பிளெக்கோவுக்கும் உதவாது.

கண்ணுக்குத் தெரியாத கூட்டம்

அடுத்து, ஜூன் மாத மரணங்களுக்கு வருவோம். மீன் மூச்சுவிடும்போதும் கழிவு வெளியேற்றும்போதும் அம்மோனியா நீரில் கலக்கிறது. அது நஞ்சு, நிறமில்லாதது. வடிகட்டியின் பஞ்சில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சுதான். வேறு சில நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டின் தீங்கு மிகவும் குறைவு. இந்த நுண்ணுயிர்கள் புதிய தொட்டியில் போதிய அளவு பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஐந்தே நாளில் அவற்றால் பத்து மீன்களின் கழிவைச் சமாளிக்க முடியவில்லை.

இன்னொரு தவறும் நடந்திருந்தது. பஞ்சு அழுக்காகிவிட்டதே என்று அவன் அதைக் குழாய்நீரில் அலசியிருக்கிறான். சிங்கப்பூர்க் குழாய்நீரில் கிருமிநீக்கத்திற்காக குளோரமின் சேர்க்கப்படுகிறது. அது நல்ல நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். வாளியில் பிடித்து ஓர் இரவு வைத்திருந்தாலும் அது எளிதில் போகாது. அதற்கான நீக்கித் திரவத்தைச் சேர்க்க வேண்டும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும்.

நம் ஊர் வெப்பமும் கணக்கில் சேரும். 20 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராம்தான். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், ஆக்ஸிஜன் குறைவாக இருக்கலாம். அப்போது புதிய மீன் பற்றிய பேச்சே வேண்டாம்.

தண்ணீர் சொன்ன பதில்

அன்பளிப்புப் பணத்தில் மீனுக்குப் பதிலாக நீர்ச் சோதனைப் பெட்டி வாங்கினோம். அம்மோனியா 0, நைட்ரைட் 0. நல்ல செய்தி. நைட்ரேட் மட்டும் லிட்டருக்கு 40 மில்லிகிராம் காட்டியது.

அவன் வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுவான். மாற்றியதும் 40 என்பது 30 ஆகும். அடுத்த வாரமும் 40 காட்டினால், ஒரு வாரத்தில் சேர்வது 10. அந்த 10ஐக் கால்பங்கால், அதாவது 0.25ஆல் வகுத்துப் பாருங்கள்: 40. அந்தத் தொட்டி 40இலேயே நிற்கும். மீன்கள் கூடி வாரத்திற்கு 15 சேர்ந்தால், 60 வரை ஏறும். அதைக் குறைக்க முக்கியமான வழிகள் இரண்டு: மீனைக் குறைப்பது அல்லது அதிக நீரை மாற்றுவது. “வாரா வாரம் பாதித் தண்ணி மாத்துவியா? தேர்வு நேரத்துலயும்?” என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. காலணியைக் கழற்றி வைத்தான்.

பிளெக்கோ எங்கே போனது?

பிளெக்கோவை என்ன செய்வது என்பதுதான் கடினமான கேள்வியாக இருந்தது. “நீர்த்தேக்கத்துல விட்டா சுதந்திரமா இருக்குமே?” என்றான். அது கருணையல்ல. சிங்கப்பூரில் அப்படி விடுவது சட்டப்படி குற்றம். பழக்கமில்லாத நீரில் மீன் மடிந்துபோகலாம். பிழைத்துக்கொண்டால் உள்ளூர் மீன்களுக்கு ஆபத்து. மலேசியாவில் ‘ஈக்கான் பண்டாராயா’, அதாவது மாநகராட்சி மீன் என்று அழைக்கப்படும் இதே மீன், அங்குள்ள ஆறுகளில் பெருகித் தொல்லையாகிவிட்டது.

தெரிந்தவர்களிடம் விசாரித்தோம். பெரிய தொட்டி வைத்திருக்கும் அவன் நண்பனின் தந்தை அதை வாங்கிக்கொண்டார். மூன்று வாரம் காத்திருந்தோம். வாரந்தோறும் சோதித்ததில் நைட்ரேட் 40இலிருந்து படிப்படியாக இறங்கி 25க்கு வந்தது. பிறகுதான் கடைக்குப் போனோம்.

அவன் கேட்ட நியான் டெட்ராவும் கூட்டமாக வாழும் மீன்தான். இரண்டு மூன்றை மட்டும் வாங்கினால் அவை மிரண்டே வாழும். அதனால் ஏற்கெனவே உள்ள கூட்டத்தையே பெரிதாக்க முடிவெடுத்தான். மூன்று ரஸ்போராக்களை வாங்கி, இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்து, நோய் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு சேர்த்தான். ஒன்பது மீன்கள், 40.5 செண்டிமீட்டர், 48 லிட்டர்.

தொட்டிக்குப் பக்கத்தில் இப்போது ஒரு பழைய பயிற்சிப் புத்தகம் இருக்கிறது. ஞாயிறுதோறும் அதில் தேதியையும் மூன்று எண்களையும் எழுதுகிறான். சென்ற வாரம் அவன் தங்கை, “அண்ணா, எனக்கு ஒரு தங்கமீன் வாங்கி இதுல விடலாமா?” என்று கேட்டாள். அவன் அந்தப் புத்தகத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தான். “வா, உட்காரு. முதல்ல அது எவ்வளவு பெருசா வளரும்னு பார்ப்போம்.”