ரப்பர் விமானம் புகட்டும் பாடம்

பெட்ரோல் இல்லை, மின்சாரம் இல்லை. முறுக்கிய ரப்பர் இழை ஒன்றே இயந்திரம். 1871ஆம் ஆண்டில் அல்போன்ஸ் பெனோ என்னும் 21 வயதுப் பிரெஞ்சு இளைஞர், பாரிஸ் நகரப் பூங்கா ஒன்றில் இத்தகைய சிறு விமானத்தை 11 விநாடி பறக்கவிட்டுக் காட்டினார். 1878இல் ரைட் சகோதரர்களுக்கு அவர்கள் தந்தையார் வாங்கி வந்த பறக்கும் பொம்மையும் ரப்பரால் இயங்கியதே.

சென்ற விடுமுறையில் மாட்டுப்பட்டியில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் சிலரோடு சேர்ந்து இவ்விமானங்களைச் செய்து பறக்கவிட்டேன். வெளியே காற்றும் மூடுபனியும். ஆகவே மண்டபமே எங்கள் ஆகாயம். அவ்வூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. சமவெளியில் பறக்கும் அதே விமானம் அங்கே 8 அல்லது 9 சதவீதம் விரைந்து சென்றால்தான் தன் எடையைத் தாங்கும். எனவே எடையைக் குறைப்பதே முதல் வேலை.

விமானம் விழுந்தால், “எனக்கு ராசியில்லை, அண்ணா” என்பார்கள் பிள்ளைகள். ராசிக்கு இங்கே இடமில்லை. நோயை அறிந்து மருந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ரப்பரை முறுக்காமல், தோள் உயரத்திலிருந்து மெல்ல விட வேண்டும். தலைகுப்புறப் பாய்ந்தால் மூக்குப் பாரம். இறக்கையைச் சிறிது முன்னே நகர்த்துக. தலை நிமிர்ந்து, தயங்கி விழுந்தால் வால் பாரம். இறக்கையைப் பின்னே நகர்த்துக, அல்லது மூக்கில் களிமண் உருண்டை ஒட்டுக.

சறுக்கல் சீரானபின் 50 முறுக்குக் கொடுக்கலாம். இப்போது மட்டும் தலை நிமிர்ந்து தயங்கினால் குற்றம் விசிறியின் இழுப்பில் இருக்கிறது. அதன் அச்சை மயிரிழையளவு கீழ்நோக்கிச் சாய்த்தால் போதும்.

மண்டபத்துள் நேரே பறந்தால் சுவரில்தான் முடிவு, வட்டமிட வேண்டும். பின்னாலிருந்து நோக்க, விசிறி வலஞ்சுழியாகச் சுழலும். அதன் எதிர்விசை விமானத்தை இடப்பக்கம் சாய்க்கும். ஆகவே இடப்பக்க வட்டமே இயல்பானது. அதிகம் சாய்ந்து சுருண்டு இறங்கினால், இட இறக்கையின் பின்விளிம்பைச் சற்றே கீழே வளைக்க வேண்டும்.

முறுக்கு நிறைய மிஞ்சியிருக்கும்போதே தரை சேர்ந்தால் ரப்பர் மெலிந்தது. தடித்த இழை வேண்டும். சரேலென்று கூரையை முட்டி, விரைவில் முறுக்குத் தீர்ந்தால் மெல்லிய, நீண்ட இழை வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலான விதி ஒன்று உண்டு: ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். இரண்டை ஒருசேர மாற்றினால், பலன் எதனால் விளைந்தது என்று அறிய வழியில்லை. உலகப் போட்டிகளில் 2 கிராமுக்கும் குறைந்த விமானங்கள் அரை மணி நேரம் பறப்பதும் இப்பொறுமையினால்தான்.

நான்காம் நாள் ஒரு சிறுமி தன் விமானம் விழுந்ததும் ராசியைப் பற்றிப் பேசவில்லை. கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, “வலது இறக்கை முறுகியிருக்கிறது, அண்ணா” என்றாள். விதியென்று ஒதுங்காமல் காரணத்தைத் தேடும் அந்தக் கண்ணே விஞ்ஞானத்தின் கண். நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, மூங்கில் சிம்பும் மெல்லிய தாளும் ரப்பரும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.