எமன் எஞ்சினில் இல்லை, அடித்தகரத்தில்! பழைய காரைத் தின்னும் மீஞ்சூர் உப்பு

மீஞ்சூர்,

பழைய கார் வைத்திருப்பவர்களே, உஷார்! உங்கள் வண்டிக்கு எமன் எஞ்சினுக்குள் இல்லை. உங்கள் காலடியில், தரைவிரிப்புக்குக் கீழே ஒளிந்திருக்கிறான். அவன் பெயர் உப்பு!

மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம்... இந்தப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் பணக்காரர்கள் அல்ல. மளிகைக் கடைக்காரர், கம்பெனித் தொழிலாளி, குமாஸ்தா. கல்யாணம் காட்சிக்குப் போக, நடு ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட உதவட்டுமே என்று நாலு கை மாறி வந்த மாருதி 800-ஐ வாங்கி நிறுத்தியவர்கள்.

கையில் இருப்பது கொஞ்சம் துட்டு. அதை எதில் போடுவது? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் புது சீட் கவர். அப்புறம் பாட்டுப் பெட்டி. அப்புறம் பளபளவென்று பெயின்ட். மிச்சம் இருந்தால் எஞ்சின். அடியில் ஓடும் பிரேக் குழாய் துருப்பிடித்து இற்றுக் கிடப்பதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை!

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி சட்டென்று முன்னால் நின்றால்? பிரேக்கை மிதித்தால் பெடல் தரையைத் தொடும். அப்போது பாட்டுப் பெட்டியா காப்பாற்றும்?

உடம்பே எலும்பு!

வட சென்னைக்குக் கார் புதிதல்ல. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் கம்பெனி எண்ணூரில் முதலில் பூட்டி இறக்கியது லாரி அல்ல, ஆஸ்டின் ஏ-40 கார்தான். அந்தக் கம்பெனிதான் பிறகு லாரிக்கும் பஸ்சுக்கும் பேர்போன அசோக் லேலண்ட் ஆனது. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரும் தயாரானது.

அந்த ஹெரால்டுக்கு அடியில் தனியாக ஓர் இரும்புச் சட்டம் உண்டு. உடம்பு அதன் மேல் உட்கார்ந்திருக்கும். அம்பாசடர், பத்மினி, மாருதி 800 அப்படி அல்ல. தனிச் சட்டம் கிடையாது. தரைத் தகரமும், கதவுக்குக் கீழே இருக்கும் படியும், பக்கத் தகரமும் சேர்ந்து ஒரே பெட்டி. அந்தப் பெட்டிதான் எலும்பு!

ஆகவே இந்த வண்டிகளில் தரைத் தகரம் ஓட்டை என்றால் 'சட்டை கிழிந்தது' என்று அர்த்தம் அல்ல. எலும்பு உளுத்துவிட்டது என்று அர்த்தம்.

அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாதம் நின்றுபோனது. 1983-ல் வந்த மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியோடு முடிந்தது. கடைசியாக வந்த 800-க்கே இன்று பத்து வயது தாண்டிவிட்டது. உப்புக் காற்றில் பத்து வருஷம் என்றால் சும்மாவா?

காற்றில் உப்பு!

துருப்பிடிக்க ஈரமும் காற்றும் வேண்டும். உப்பு சேர்ந்தால் வேலை பல மடங்கு வேகம். காரணம் சுலபம். உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக் கொள்ளும். வெயில் அடித்தாலும் தகரம் முழுதாக உலராது. உப்பு ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துரு என்பதே ஒரு சின்ன மின்சார வேலைதான்!

எஞ்சின் சூடாக இருக்கும். எண்ணெய்ப் பசை இருக்கும். அதனால் தப்பித்து விடுகிறது. மாட்டிக் கொள்வது சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு, கதவின் அடி, படி, தரைத் தகரம், பிரேக் குழாய். அங்கேதான் சேறும் சகதியும் ஒட்டிக் கொண்டு மாதக் கணக்கில் ஈரத்தைக் காக்கிறது.

காந்தம் சொல்லும் கதை!

செலவில்லாமல் வண்டியைச் சோதிக்க வழி உண்டா? உண்டு!

ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துக் கொள்ளுங்கள். கதவின் அடி, படி, சக்கர வளைவு எல்லா இடத்திலும் ஒட்டிப் பாருங்கள். 'டக்' என்று பிடித்தால் தகரம் இருக்கிறது. பிடிக்காமல் வழுக்கினால் உள்ளே கனமாகப் 'பட்டி' வைத்து மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். (பம்பர் போன்ற பிளாஸ்டிக் சாமானில் ஒட்டாது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.)

அடுத்து தரைவிரிப்பைத் தூக்குங்கள். ஈரமா? முடை நாற்றமா? ஸ்குரூ டிரைவர் முனையால் தகரத்தை லேசாகக் குத்துங்கள். 'பொத்'தென்று இறங்கினால் டிங்கரிடம் போகும் நேரம் வந்துவிட்டது.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வட சென்னையே தண்ணீரில் மிதந்தது. அப்படி முங்கிய வண்டியும் ஒருநாள் கழுவித் துடைத்து விலைக்கு வரும்! சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். அதில் சேற்றுக் கறை இருந்தால் கும்பிடு போட்டு விட்டு வந்து விடுங்கள்.

துருவுக்கு மேல் பூசாதே!

'அடியில் கருப்புக் கோட்டிங் அடிச்சிட்டா போதும் சார், பத்து வருஷம் தாங்கும்' என்பார்கள். நம்பாதீர்கள். துருவுக்கு மேல் கோட்டிங் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக் கொள்ளும். வெளியே பார்க்க அழகு. உள்ளே கரையான் புற்று!

முறை இதுதான். நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவி நன்றாக உலர விட வேண்டும். கம்பி பிரஷ் போட்டு வெள்ளைத் தகரம் தெரியும் வரை சுரண்ட வேண்டும். இற்ற இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பிறகு துருத் தடுப்பு பிரைமர், அதன் மேல் பெயின்ட். கோட்டிங் எல்லாம் கடைசியில்தான்.

சுரண்டுவதும் கழுவுவதும் நீங்களே செய்யலாம். கூலி மிச்சம். வெல்டிங்கைத் தெரிந்தவரிடம் விடுங்கள். பேட்டரி வயரைக் கழற்றாமல், தரைவிரிப்பை எடுக்காமல், பெட்ரோல் டேங்க் பக்கத்தில் நெருப்பு வைப்பவரிடம் வண்டியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

கதவின் அடியில் சின்னச் சின்ன வடிகால் ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்தால் மழைத் தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கும். ஒரு ஈர்க்குச்சி போதும், குத்தி விடுங்கள். ஒரு பைசா செலவில்லை!

ஓர் எச்சரிக்கை: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஜாக்கி வழுக்கினால் ஆள் காலி. ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

தண்ணீரிலும் உப்பு!

மீஞ்சூர்க்காரர்களுக்கு இன்னொரு தலைவலி. கிணற்றுத் தண்ணீர்!

ஒரு காலத்தில் சென்னைக்கே தண்ணீர் கொடுத்த பூமி இது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கத்து ஆழ்கிணறுகளில் இருந்து நகரத்துக்கும் தொழிற்சாலைக்கும் வயலுக்கும் இறைத்தார்கள், இறைத்தார்கள், இறைத்துக் கொண்டே இருந்தார்கள். நல்ல தண்ணீர் இறங்க இறங்க, பூமிக்கு அடியில் கடல் தண்ணீர் உள்ளே புகுந்து விட்டது. அதே வட்டாரத்தில் காட்டுப்பள்ளியில் 2010-ல் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர்!

இதற்கும் காருக்கும் என்ன சம்பந்தம்? ரேடியேட்டரில் நீங்கள் ஊற்றுவது எந்தத் தண்ணீர்? வீட்டு போர் தண்ணீர்தானே!

அந்த உப்புத் தண்ணீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். வாட்டர் பம்பை அரிக்கும். எஞ்சின் கொதிக்கும். மாருதி 800-க்கு மேல் தலை (ஹெட்) அலுமினியம். நன்றாகக் கொதித்தால் வளைந்து விடும். கேஸ்கெட் போகும். அப்புறம் 'எஞ்சினை இறக்கணும் சார்' என்ற பேச்சு வரும். ஒரு டின் கூலன்ட்டில் முடிய வேண்டிய செலவு!

கூலன்ட்டும் பேட்டரித் தண்ணீரும் கலந்து ஊற்றுங்கள். வண்டி சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். முகம் வெந்து விடும். வண்டியைக் கழுவவும் போர் தண்ணீர் கூடாது. வேறு வழி இல்லை என்றால் கடைசியில் நல்ல தண்ணீர் நாலு குடம் ஊற்றி அலசுங்கள்.

பிரேக் முதலில்! பெயின்ட் கடைசியில்!

செலவுக்கு வரிசை உண்டு. முதலில் வண்டியை நிறுத்துவது. அடுத்து வண்டி மக்குவதைத் தடுப்பது. மூன்றாவது வண்டியை ஓட்டுவது. கடைசியில்தான் மினுக்குவது.

பிரேக் குழாயில் துரு செதில் செதிலாக வந்தால் உடனே மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றினால் நல்லது. டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். முதல் ரெண்டு எண் வாரம், அடுத்த ரெண்டு வருஷம். '1019' என்றால் 2019-ம் ஆண்டு 10-வது வாரம் செய்தது. பூ இருந்தாலும் வெடிப்பு விட்ட பழைய டயர் வேண்டாம்.

பெட்ரோல் ரப்பர் குழாயையும் பாருங்கள். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. பழைய கார்களின் ரப்பர் அதற்காகச் செய்தது அல்ல. பெட்ரோல் வாடை வந்தால் அன்றைக்கே மாற்றி விடுங்கள்.

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? 'பேட்டரி போச்சு' என்று புதுசு வாங்க ஓடாதீர்கள். பேட்டரி முனையையும், எர்த் வயர் உடம்பில் சேரும் இடத்தையும் கழற்றி, உப்புத் தாள் போட்டுத் தேய்த்து, வாசலின் தடவி இறுக்குங்கள். உப்பு பூத்த முனையில் கரண்ட் போகாது. பாதிப் பேருக்கு வியாதி இங்கேயே தீர்ந்து விடும்!

எஞ்சினை இறக்கணுமா?

கருப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஃபில்டரையும் கார்புரேட்டரையும் பாருங்கள். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் உள்ளே தண்ணீர் போகிறது.

எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் 'கம்ப்ரஷன் பார்த்தீங்களா அண்ணே?' என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பிளக்கைக் கழற்றி மீட்டர் வைத்தால் மூன்று சிலிண்டருக்கும் கணக்குத் தெரியும். குறைவாக இருக்கும் சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். மீட்டர் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட் பக்கம் கோளாறு. ஹெட்டை மட்டும் கழற்றினால் முடியும் வேலைக்கு முழு எஞ்சினை இறக்குவானேன்?

புதுப்பேட்டைக்குப் போகும் முன்...

கும்மிடிப்பூண்டி ரயிலில் சென்ட்ரலில் இறங்கினால் புதுப்பேட்டை தூரமில்லை. கழற்றிய பழைய சாமான் மலை மலையாய்க் குவிந்திருக்கும் இடம். கதவு, கண்ணாடி, சீட், விளக்கு, கைப்பிடி, வைப்பர் மோட்டார் எல்லாம் தாராளமாக வாங்கலாம். பழைய சாமானைக் கையில் கொண்டு போய் ஒத்துப் பாருங்கள்.

ஆனால் பிரேக் சாமான், ஸ்டீயரிங் மூட்டு, சீட் பெல்ட், டயர், ரப்பர் குழாய்... இவற்றைப் பழையதில் வாங்கவே கூடாது. அது நாலு காசு மிச்சம் பிடிக்கும் இடம் அல்ல. பில் கேட்டு வாங்குங்கள். திருட்டுச் சாமான் என்றால் வம்பு உங்களுக்கும்தான்.

வண்டியை 'மாடல்' மாற்றும் ஆசையும் வேண்டாம். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. கலரை மாற்றினாலும் ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

கணக்குப் போடுங்கள்!

15 வருஷம் ஆன காருக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எஃப்.சி. காட்ட வேண்டும். 20 வருஷம் தாண்டிய காருக்கு இந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 10 ஆயிரம் ரூபாயாக உயர்த்தியது. ஆகவே ரிப்பேர் செலவோடு இதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

எஞ்சின் போனால் வேறு எஞ்சின் கிடைக்கும். கியர் பாக்ஸ் போனால் வேறு கிடைக்கும். ஆனால் படியும் இற்று, சக்கரத்தைத் தாங்கும் இடமும் இற்றுப் போயிருந்தால்? அந்த வண்டிக்கு இனிமேல் போடும் ஒவ்வொரு ரூபாயும் கடலில் போட்ட பெருங்காயம். மனசைக் கல்லாக்கிக் கொண்டு விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். உள்ளே உட்காருவது உங்கள் பெண்டாட்டி பிள்ளைகள்!

அடித்தகரம் கெட்டியாக இருக்கிறதா? அப்படியானால் கவலை இல்லை. பெயின்ட் மங்கினால் மங்கட்டும். கொஞ்சம் கொஞ்சமாக மற்றதைச் சரி செய்து கொள்ளலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தரைவிரிப்பைத் தூக்குங்கள். அப்புறம் பர்சைத் திறங்கள்!