இறுகிய கியர்பாக்ஸ், இழக்கப்படும் உரிமை: பழவேற்காட்டு மீனவர்கள் அறிய வேண்டியவை

பழவேற்காட்டின் மீனவர் குப்பங்களில் ஃபைபர் படகுகளை ஓட்டும் அவுட்போர்டு எந்திரங்களின் கியர்பாக்ஸ், துருவால் எந்திரத்தின் ஷாஃப்டோடு இறுகிக் கழற்ற வராமல் போவதும், அதைச் சம்மட்டியாலும் கேஸ் டார்ச்சாலும் பிரிக்க முயன்று எந்திரம் முழுவதையும் பாழாக்குவதும் ஓயாத பிழையாக நீடிக்கின்றன. இதில் பாழாவது பொருள் மட்டுமென்றால் அதை விதியென்று விட்டுவிடலாம். ஆனால் அந்தப் பழுதுக்கு விற்றவர் பொறுப்பா, முன்பு சர்வீஸ் செய்தவர் பொறுப்பா, உரிமையாளரே பொறுப்பா என்பதைக் காட்டக்கூடிய ஒரே தடயமும் பட்டறைத் தரையில் முதல் அரைமணி நேரத்திலேயே அழிந்துவிடுகிறது.

அவுட்போர்டு எந்திரத்தின் தலைப்பகுதியிலிருந்து டிரைவ் ஷாஃப்ட் எனும் நெடுந்தண்டு செங்குத்தாகக் கீழிறங்கி, நீருக்குள் இருக்கும் கியர்பாக்ஸைச் சுழற்ற, அந்தச் சுழற்சியைக் கியர்பாக்ஸ் கிடைமட்டமாகத் திருப்பி ப்ரொப்பெல்லருக்குத் தருகிறது. டிரைவ் ஷாஃப்டின் மேல்நுனியில் நீளவாக்கில் வெட்டப்பட்டிருக்கும் பற்கள், அதாவது ஸ்ப்ளைன்கள், எந்திரத்தின் கிராங்க் ஷாஃப்டினுள் செருகி நிற்கும். இந்தச் செருகலில் கிரீஸ் இல்லாவிட்டால் உப்புநீர் புகுந்து துரு உண்டாகும். துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், இரண்டு ஷாஃப்டுகளும் ஒரே தண்டாகிவிடும். பழவேற்காட்டில் இந்தச் சிக்கல் கூடுதலாகத் தலைகாட்டுவதற்கு முகத்துவாரமும் ஒரு காரணம்: மணல் தூர்ந்த ஆழமற்ற நீரில் படகு செல்லும்போது, எந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் பம்பு மணலையும் சேர்த்து உறிஞ்ச, அதனுள் சுழலும் ரப்பர் இம்பெல்லர் விரைவாகத் தேய்கிறது. பம்பு கியர்பாக்ஸின் தலையில் அமர்ந்திருப்பதால், இம்பெல்லரை மாற்றக் கியர்பாக்ஸை இறக்கியே ஆகவேண்டும். இறுகியிருப்பது தெரியவருவதும் அப்போதுதான்.

இறங்காத கியர்பாக்ஸைக் கண்டவுடன் டார்ச்சைப் பற்றவைக்கும் பழக்கம் உயிருக்கே ஆபத்தானது. பெட்ரோல் குழாய்க்கும் கார்புரேட்டருக்கும் அருகில் திறந்த நெருப்பைக் கொண்டுசெல்வது ஒரு பிழை. எண்ணெய் நிறைந்து மூடிய கியர்பாக்ஸைச் சூடாக்கி உள்ளே அழுத்தத்தை ஏற்றுவது இரண்டாவது பிழை. அவுட்போர்டின் உறை அலுமினியத்தால் ஆனது. இரும்பைப்போல் சிவந்து எச்சரிக்காமலே, ஏறத்தாழ 660 டிகிரி செல்சியஸில் அலுமினியம் திடீரென உருகிச் சரிந்துவிடும் என்பதைப் பட்டறைகளில் பலரும் கருதுவதில்லை. சம்மட்டியால் அடித்தால் அடியின் விசை கிராங்க் ஷாஃப்டின் பேரிங்குகளைத் தாக்குகிறது. ஒரு பக்கத்தில் மட்டும் கடப்பாரையை நுழைத்து நெம்பினால் உறை விரிசல் விடுகிறது. எந்திரத்தை ஓடவிட்டு இறுக்கத்தை உடைக்க முயல்வது எந்நிலையிலும் செய்யக்கூடாத செயல்.

கழற்றும் முறைக்கு வலிமையைவிடப் பொறுமையே அதிகம் தேவை. ஸ்பார்க் பிளக் வயர்களை முதலில் உருவிவிட்டு, எரிபொருள் குழாயைப் பிரித்து, கியர் ஆயிலை வடிக்க வேண்டும். வடியும் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது என்பது பொருளாதலால், அதில் சிறிது ஒரு பாட்டிலில் சேமிக்கப்படவேண்டும். அடுத்து, எல்லாப் போல்ட்டுகளும் உண்மையிலேயே கழன்றுவிட்டனவா என்று பார்க்க வேண்டும். பல மாடல்களில் ப்ரொப்பெல்லருக்கு மேலுள்ள சிறு துடுப்பின், அதாவது டிரிம் டேபின், அடியில் ஒரு போல்ட் மறைந்திருக்கும், கியர் மாற்றும் கம்பியின் இணைப்பும் தனியே பிரிக்கப்படவேண்டும். துரு இறுகியதாகக் கருதி அடித்து நொறுக்கப்படும் கியர்பாக்ஸ்களில் சில, மறந்துபோன அந்த ஒரு போல்ட்டால் மட்டுமே நின்றிருக்கக்கூடியவை. எல்லாம் கழன்ற பின்னும் வராவிட்டால், துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் மீண்டும் விட்டு, உறையின் இருபுறமும் மர ஆப்புகளைச் சம அளவில் சிறிது சிறிதாகச் செலுத்த வேண்டும். சில நாட்கள் முயன்றும் ஸ்ப்ளைன் விடாதபோது, திறந்த இடைவெளி வழியே டிரைவ் ஷாஃப்டை அறுத்துவிடுவதே அனுபவமுள்ள மெக்கானிக்குகளின் கடைசி வழி. கிராங்க் ஷாஃப்டை இழப்பதைவிட டிரைவ் ஷாஃப்டை இழப்பது மலிவு. மீண்டும் பொருத்தும்போது ஸ்ப்ளைனின் பக்கங்களில் மட்டும் நீர் அரிக்காத கிரீஸைத் தடவ வேண்டும்; நுனியின் மேல்முகத்தில் கிரீஸ் குவிந்தால் அது உள்ளே அடைபட்டு ஷாஃப்ட் முழுவதும் உட்காராமல் தடுக்கும்.

ஆனால் உத்தரவாதக் காலம் முடியாத எந்திரத்திலும், அண்மையில் பணம் கொடுத்து சர்வீஸ் செய்யப்பட்ட எந்திரத்திலும், இந்த வேலைகளில் எதையும் தொடங்கும் முன் ஒரு கடிதம் எழுதப்படவேண்டும். எந்திரத்தின் தகட்டில் பொறித்த எண், வாங்கிய நாள், கடைசியாகக் கியர்பாக்ஸ் இறக்கப்பட்ட நாள், அதைச் செய்த பட்டறை, இப்போது காணப்படும் பழுது ஆகியவற்றைக் குறிப்பிட்டு, இன்ன நாளுக்குள் வந்து பார்வையிடாவிட்டால் வேறொரு மெக்கானிக் முன்னிலையில் திறக்கப்படும் என்று விற்றவருக்கும் சர்வீஸ் செய்தவருக்கும் ஒப்புகையுடன் கூடிய தபாலில் அனுப்ப வேண்டும். கெடு முடிந்து திறக்கும்போது ஒவ்வொரு கட்டமும் படமெடுக்கப்பட்டு, ஸ்ப்ளைனில் கிரீஸின் சுவடு இருந்ததா இல்லையா என்பதை அந்த மெக்கானிக் தேதியோடு எழுதிக் கையொப்பமிடவேண்டும். கழற்றிய பாகங்களை இரும்புக் கடைக்குப் போடக்கூடாது. குறைபாட்டைச் சோதனையால்தான் அறியமுடியும் என்ற நிலையில், மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாட்களில் அறிக்கை கேட்கும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு. பாகமே இல்லாதபோது அந்த அதிகாரத்தால் பயனில்லை.

மீன்பிடித் தொழிலுக்கு வாங்கிய எந்திரம் வணிகப் பொருள், ஆகவே நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று கடைக்காரர்கள் சொல்லும் பதிலை நம்பிப் பலர் திரும்பிவிடுகின்றனர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கத்திலிருந்து வெளிப்படையாக விலக்கிவைத்துள்ளது. கோயம்புத்தூரின் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் எதிர்த்தரப்பாக இருந்த லக்ஷ்மி என்ஜினியரிங் வழக்கில் 1995இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அத்தகையவர் ஓரிருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வதால் மட்டும் நுகர்வோர் என்ற தகுதியை இழப்பதில்லை என்று விளக்கியது. எனவே உரிமையாளர் தாமே கடலுக்குச் செல்கிறார் என்பதும், அந்தப் படகே குடும்பத்தின் பிழைப்பு என்பதும் புகார் மனுவின் முதல் பத்தியிலேயே எழுதப்படவேண்டும். பங்கு முறையில் உடன் செல்வோர் இருந்தால் அதையும் மறைக்காமல் விளக்க வேண்டும். பல படகுகளை வாடகைக்கு விடுபவருக்கு இந்த விலக்கு கிடைப்பது அரிது.

முதல் முறையீட்டைத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலேயே பதிவு செய்யலாம். அங்கே தீராவிட்டால், பழவேற்காடு திருவள்ளூர் மாவட்டத்துக்குள் வருவதால், எந்திரம் சென்னையில் வாங்கப்பட்டிருந்தாலும் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம். வாங்குபவர் வசிக்கும் இடத்தில் வழக்குத் தொடுக்கும் உரிமையை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பழுது வெளிப்பட்டதிலிருந்து 2 ஆண்டுகள் என்பதே கெடு. மனுவுடன் பில், முத்திரையிட்ட உத்தரவாத அட்டை, அரசு மானியத்தில் பெற்ற எந்திரமானால் மானிய ஆணையின் நகல், முன்னர் அனுப்பிய கடிதமும் ஒப்புகையும், படங்கள், மெக்கானிக்கின் கையெழுத்துள்ள அறிக்கை ஆகியவை இணைக்கப்படவேண்டும். கடலுக்குப் போகாத நாட்களின் இழப்பைக் கேட்பவர் மீன் ஏலத்தின் பழைய சீட்டுகளையும் சேர்க்க வேண்டும். பில் கேட்காமல் வாங்குவதும், துண்டுச் சீட்டில்கூட எழுதிவாங்காமல் சர்வீஸுக்கு விடுவதும் இந்த வழியைக் கடினமாக்கிவிடுகின்றன. பொருளுக்கோ சேவைக்கோ உரிய பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்று சட்டம் சொல்கிறது. ஆகவே பில் இல்லையெனில் வழக்கே இல்லை என்று கொள்ளவேண்டியதில்லை; ஆனால் நிரூபிப்பது கடினமாகும்.

மானிய எந்திரங்களைப் பொறுத்தவரை, ஒப்படைக்கும் நாளில் உத்தரவாத அட்டை நிரப்பப்பட்டு முத்திரையிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும், கிரீஸ் வைக்க வேண்டிய கெடுவை ஒரு பக்கத் தமிழ்த் தாளில் கொடுப்பதும் அதிகாரிகளுக்குச் சில நிமிட வேலைதான். விழா மேடையில் சாவியைக் கொடுப்பதற்குக் காட்டப்படும் அக்கறையில் ஒரு பங்காவது இதற்குக் காட்டப்படவேண்டும்.

கழற்றும்போது தெறித்த இரும்புத் துணுக்கு கண்ணில் பாய்ந்தாலோ தீக்காயம் பட்டாலோ, காயம் எப்படி நேர்ந்தது என்பதை மருத்துவமனைச் சீட்டில் எழுதச் செய்வது அவசியம். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் பெயர் சேர்ந்துள்ள மீனவருக்கு மருத்துவமனைச் செலவாக 25,000 ரூபாய் வரையும், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சமும், மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சமும் உண்டு. விபத்து என்ற சொல்லே இல்லாத சீட்டை வைத்து இதைப் பெறுவது கடினம். விண்ணப்பத்தை மீன்வளத் துறையின் பொன்னேரி உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கவேண்டும்.

நுகர்வோர் வழக்கைப் பொறுத்தவரை, சோதனை தேவைப்படாத புகாரை 3 மாதத்திலும் தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க ஆணையம் முயலவேண்டும் என்று சட்டம் கூறினாலும், நடைமுறையில் அது பெரும்பாலும் நீள்கிறது. அந்த நீளத்தைக் கண்டு மனுவைக் கைவிடக்கூடாது. தீர்ப்பைப் பெற்றவுடன் வேலை முடிந்ததாகக் கருதி வீட்டில் வைத்துவிடவும் கூடாது. எதிர்த்தரப்பு 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் கட்டவேண்டிய தொகையில் பாதியை முன்னதாகச் செலுத்தவேண்டும். மேல்முறையீடும் இல்லை, பணமும் இல்லை என்றால் அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனு தாக்கல் செய்யலாம். ஆணையை மீறுவோருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டுகள் வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தின் 72ஆம் பிரிவு இடமளிக்கிறது.