சோலார் கம்பெனிக்கு யோசனை சொல்பவர்கள் யார்? கரிசல்காட்டில் கேட்க வேண்டிய கேள்வி

கோவில்பட்டியில் ஏறி திருநெல்வேலிக்கு ரயிலில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போன ஒன்று. இரண்டு பக்கமும் கறுப்பு நிலம். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை பெய்துவிட்டால் மாட்டுவண்டியே புதையும். கடம்பூர் தாண்டினால் மணியாச்சி. 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது இங்கேதான். அதனால் இன்று நிலையத்தின் பெயர் வாஞ்சி மணியாச்சி. தூத்துக்குடிப் பாதையும் இங்கேதான் பிரிகிறது.

இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் கங்கைகொண்டான். அங்கே சிப்காட் வளாகத்தில் டாடா பவர் குழுமத்தின் டிபி சோலார் ஆலை இருக்கிறது. ஆண்டுக்கு 4.3 ஜிகாவாட் அளவுக்கு சோலார் செல்லும் தகடும் செய்யும் திறன் கொண்டது. 2025 பிப்ரவரியில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அதைத் தொடங்கிவைத்தார். அங்கு வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

வெயிலை வைத்துப் பிழைப்பது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. தூத்துக்குடி உப்பளம் வெயிலை நம்பித்தான் நடக்கிறது. தீப்பெட்டித் தொழிலுக்கும் இந்த வறண்ட காற்றும் காய்ச்சலும்தான் துணை. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தெரியாத தொழிலைத் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது இங்குள்ளவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது அதே கேள்வி திரும்பி வந்திருக்கிறது. சோலார் நிறுவனங்கள் நிலம் தேடி வருகின்றன. ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் வேண்டும். மின்சாரம் விற்கும் ஒப்பந்தம் வழக்கமாக 25 ஆண்டு. ஆகவே நிலக் குத்தகையும் ஏறக்குறைய ஒரு தலைமுறைக்குப் போகும். நிறுவனத்தின் கையேட்டைப் புரட்டினால் 'எங்கள் ஆலோசகர்கள்' என்று ஒரு பக்கம் இருக்கும். கோட்டு போட்ட படங்கள். ஓய்வுபெற்ற அதிகாரி, வெளிநாட்டுப் பேராசிரியர், வங்கியில் பெரிய பதவி வகித்தவர். இந்தப் படங்களை நம்பிக் கையெழுத்துப் போடலாமா?

யோசனை வேறு, பொறுப்பு வேறு

முதலில் ஒரு சட்ட விஷயம். 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி நிறுவனத்தின் இயக்குநருக்குக் கடமைகள் உண்டு; தவறு நடந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். ஆலோசனைக் குழு என்ற ஒன்றை அந்தச் சட்டம் வரையறுக்கவே இல்லை. கையேட்டில் முதல் படமாக இருப்பவர் ஆண்டுக்கு இரண்டு முறை போனில் பேசுபவராகக்கூட இருக்கலாம். யார் இயக்குநர் என்பதை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால் பத்து நிமிட வேலை.

ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரிகள் தனியார் வேலையில் சேர்வதற்கும் விதி இருக்கிறது. ஓய்வுபெற்று ஓராண்டுக்குள் சேர்வதென்றால் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். அவர்கள் சேர்வதில் தவறொன்றும் இல்லை. அனுமதி, ஏலம், நிலப் பதிவேடு இவற்றின் உள்வழி தெரிந்தவர் நிறுவனத்துக்குத் தேவைதான். ஆனால் அந்த அறிவு யாருக்குப் பயன்படும், நிறுவனத்துக்கா, நிலத்துக்காரருக்கா என்பதை மட்டும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

டெலிபோன்காரர் கொண்டுவந்த மின்சாரம்

ஆலோசகரின் பழைய தொழில் ஒரு தொழில்நுட்பத்தையே எப்படி மாற்றும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா. கான்பூர் ஐஐடியில் படித்து, அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று, 1981-ல் சென்னைக்கு வந்தவர். அவருடைய பேர் சோலாரில் பரவியது பின்னாளில்தான். முதலில் அவர் தொலைபேசிக்காரர்.

கம்பி இழுக்காமல் கிராமங்களுக்கு போன் கொடுக்கும் 'கார்டெக்ட்' தொழில்நுட்பம் அவருடைய குழுவில் பிறந்தது. 2000-களின் தொடக்கத்தில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் நடந்தது அதை வைத்துத்தான். மின்வெட்டு நேரத்தில் கருவிகள் நின்றுபோவது இந்த வேலையில் தினசரித் தலைவலி.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அங்கே கருவிகள் ஓடுவது 48 வோல்ட் டிசி மின்சாரத்தில், வரிசையாக அடுக்கிய பேட்டரிகளின் துணையோடு. ஊரே இருட்டானாலும் பழைய லேண்ட்லைன் போன் வேலை செய்ததே, அது இதனால்தான்.

வீட்டுக்கு வாருங்கள். சோலார் தகடு தருவது டிசி. பேட்டரி சேமிப்பது டிசி. எல்இடி பல்பு, செல்போன், பிஎல்டிசி மின்விசிறி எல்லாமே உள்ளே டிசியில்தான் ஓடுகின்றன. ஆனால் நாம் நடுவில் ஒரு இன்வெர்ட்டரை வைத்து அதை ஏசியாக மாற்றி, பிறகு ஒவ்வொரு கருவியிலும் திரும்ப டிசியாக மாற்றிக்கொள்கிறோம். ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் மின்சாரம் சூடாகிக் காற்றில் போகிறது. சின்னத் தகடு வைத்திருக்கும் ஏழை வீட்டுக்கு அந்தக் கொஞ்சம்தான் பெரிது.

வீட்டுக்குள்ளேயே 48 வோல்ட் டிசி கம்பி ஓட்டினால் என்ன என்று கேட்டது அந்தக் குழு. சாதாரண மின்விசிறி 70 வாட் இழுக்கும் இடத்தில் பிஎல்டிசி விசிறி 30 வாட்டில் சுற்றும். ஒரு தகடு, ஒரு பேட்டரி, ஒரு விசிறி, ஒரு ட்யூப்லைட், பல்புகள், செல்போன் சார்ஜர். ராஜஸ்தான் பாலைவனத்தில், மின்கம்பி எட்டாத ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு இந்த அமைப்பு போய்ச் சேர்ந்தது. ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் முளைத்த சிக்னி எனர்ஜி என்ற நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுபோனது. பின்னர் மத்திய மின்துறை அமைச்சருக்கும் ஜுன்ஜுன்வாலா ஆலோசகராக இருந்தார்.

இன்வெர்ட்டரோடு பழகிய ஒரு பொறியாளர் இருந்திருந்தால், இன்னும் நல்ல இன்வெர்ட்டர் ஒன்று வந்திருக்கும். இன்வெர்ட்டரே வேண்டாம் என்று சொல்ல டெலிபோன்காரர் வேண்டியிருந்தது.

கண்ணாடிக்காரரும் பத்திரிகையாளரும்

காஞ்சிபுரம் மாவட்டம் பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் ஃபர்ஸ்ட் சோலார் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆலை திறக்கப்பட்டது. அந்த நிறுவனத்தின் மூலவர் ஹரால்ட் மெக்மாஸ்டர். கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன டொலிடோ நகரத்துக்காரர். கார்களுக்கும் கட்டடங்களுக்கும் உறுதியான கண்ணாடி செய்யும் இயந்திரங்களில் சம்பாதித்தவர். சிலிக்கானை அறுத்துத் தகடு செய்வதை விட்டுவிட்டு, கண்ணாடி மேல் மெல்லிய படலமாக காட்மியம் டெல்லுரைடு பூசிவிடலாம் என்ற வழியில் இறங்கினார். கண்ணாடியை வேகமாக, மலிவாகக் கையாளத் தெரிந்தவருக்கு அது இயல்பான வழி. அவர் 1990-ல் தொடங்கிய சோலார் செல்ஸ் நிறுவனம்தான் 1999-ல் கைமாறி ஃபர்ஸ்ட் சோலார் ஆனது.

பெங்களூரின் செல்கோ கதை வேறு மாதிரி. 1995-ல் அதைத் தொடங்கிய ஹரீஷ் ஹாண்டே காரக்பூர் ஐஐடியில் எரிசக்திப் பொறியியல் படித்தவர். உடன் நின்ற நெவில் வில்லியம்ஸ் அமெரிக்கப் பத்திரிகையாளர். ஹாண்டே மேடைகளில் ஒன்றைச் சொல்வார். தெருவோர வியாபாரிப் பெண் ஒருவர், மாதம் 300 ரூபாய் கட்ட முடியாது, தினம் 10 ரூபாய் என்றால் கட்டிவிடலாம் என்றாராம். கணக்கு ஒன்றுதான். ஆனால் தினக்கூலியில் வாழ்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. வட்டிக்கு விட்டு வாங்கும் ஊர்களில் இதைப் புரிந்துகொள்ள யாருக்கும் பட்டம் தேவைப்படாது. செல்கோ கிராம வங்கிகளைத் தேடிப் போய்க் கடன் வசதி செய்தது. ஹாண்டேவுக்கு 2011-ல் மகசேசே விருது கிடைத்தது.

பெரிய பெயர்கள் இருந்தும் கவிழ்ந்த கதையும் உண்டு. சீனாவின் சன்டெக் நிறுவனத்தை 2001-ல் தொடங்கிய ஷி செங்ரோங், ஆஸ்திரேலியாவில் சோலார் ஆராய்ச்சியின் தலைமகன் மார்ட்டின் கிரீனிடம் படித்தவர். அதே பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் வென்ஹாம் சன்டெக்கின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தார். விஞ்ஞானத்தில் அதைவிடப் பலமான அணி அப்போது அரிது. உலகத்திலேயே பெரிய தகடு உற்பத்தியாளராகவும் ஆனது. ஆனால் தகட்டின் விலை சரிந்தபோது கடன் கழுத்தை நெரித்தது. 2013 மார்ச்சில் கடன் பத்திரத்தைத் திருப்பித் தர முடியாமல் நின்றது. செல் நன்றாகத்தான் இருந்தது. கணக்குதான் கவிழ்த்தது.

கறுப்பு மண் தெரிந்தவர் யார்?

இனி மணியாச்சிப் பக்கம் வருவோம். இங்கே வரும் நிறுவனத்துக்கு யார் யோசனை சொன்னால் நல்லது?

முதலில் மண். கரிசல் மண் ஈரத்தில் உப்பும், காய்ச்சலில் சுருங்கும். ஆண்டுதோறும் இந்த ஏற்ற இறக்கம் நடக்கும். அதன் மேல் ஆழமில்லாமல் நட்ட கால்கள் மெல்ல மெல்ல எழும்பும், சாயும். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்காகவே ஒரு வகைத் தூணை உருவாக்கியது. அடியில் வெங்காயம் போலப் பருத்திருக்கும். மண் அசையாத ஆழத்தில், சுமார் மூன்றரை மீட்டருக்குக் கீழே, அந்தப் பருத்த பகுதி ஊன்றிக்கொள்ளும். சோலார் தகட்டின் இரும்புக் கால்களுக்கும் இந்த மண்ணின் கணக்கு தெரிந்த சிவில் பொறியாளர் வேண்டும். வேறு மாநிலத்து மணலில் போட்ட வரைபடத்தை இங்கே விரித்தால் ஐப்பசி மழை அதற்குப் பதில் சொல்லிவிடும்.

அடுத்து ஓடை. இந்தப் பக்கம் ஆறு கிடையாது என்று சொல்லலாம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் சில வாரங்களில் ஓடைகளில் ஓடும் தண்ணீர்தான் கண்மாய்க்கு வந்து சேரும். ஆண்டில் பத்து மாதம் அந்த ஓடை வெறும் பள்ளமாகத்தான் தெரியும். வெயில் நாளில் வந்து அளந்துவிட்டுப் போகிறவருக்கு அது ஓடை என்றே தெரியாது. நிலத்தைச் சமப்படுத்தி வேலி போட்ட பிறகுதான், கீழே உள்ள ஊரின் கண்மாய் ஏன் நிரம்பவில்லை என்ற கேள்வி வரும். ஆலோசகர் பட்டியலில் நீர்வழி தெரிந்த ஒருவர் இருந்தால் முதல் நாளே அதைக் காட்டிக்கொடுப்பார். ஊரிலேயே நீர்பாய்ச்சும் முறை பார்த்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்கச் செலவும் இல்லை.

கிடை போடும் ஆட்டுக்காரர்களுக்கு அறுவடை முடிந்த காடுதான் மேய்ச்சல். பட்டா அவர்கள் பெயரில் இருக்காது. குத்தகைப் பேச்சில் அவர்களுக்கு நாற்காலி போடுபவர் யாரும் இல்லை. நிலத்தில் களையெடுத்து, பருத்தி எடுத்துக் கூலி வாங்கிய பெண்களுக்கும் அதே நிலைதான். வாடகை நிலத்துக்காரருக்குப் போகும். கூலி நாள் கணக்கு யாருடைய தாளிலும் ஏறாது.

வெயில் கூடினால் மின்சாரமும் கூடும் என்று நினைப்பதும் பாதிதான் சரி. தகட்டின் திறன் 25 டிகிரி வெப்பத்தில் அளக்கப்படுகிறது. அதற்கு மேல் தகடு சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். சித்திரை வெயிலில் தகடு 60 டிகிரியைத் தொட்டால் பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடும். கரிசல் புழுதி படிந்தால் இன்னும் கொஞ்சம். அதைக் கழுவத் தண்ணீர் வேண்டும். குடிக்கவே லாரியை எதிர்பார்க்கும் ஊரில் அது சின்ன விஷயமல்ல. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில், 648 மெகாவாட் ஆலையில், தகடு துடைக்க இயந்திரங்களை வைத்திருக்கிறார்கள். இங்கே தண்ணீர் எங்கிருந்து வரும் என்று குத்தகைப் பத்திரத்தில் எழுதி வாங்குவது நல்லது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் முடிந்ததும் இரும்பையும் கான்கிரீட்டையும் பிடுங்கி நிலத்தைப் பழையபடி ஒப்படைப்பது யார் செலவு என்பதும் அதில் இருக்க வேண்டும்.

கோவில்பட்டியில் நூறாண்டைக் கடந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரிப் பருத்தி, சோளம், உளுந்து இவற்றுக்குப் பேர்போனது. இந்த மண்ணில் எப்போது ஈரம் நிற்கும், எப்போது வெடிக்கும் என்று தெரிந்தவர்கள் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவர்கள் சோலாரில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை ஜோத்பூரில் பார்க்கலாம். அங்குள்ள மத்திய வறண்டநில ஆராய்ச்சி நிறுவனம் 105 கிலோவாட் தகடுகளை வரிசை விட்டு வரிசை நிறுத்தி, இடைவெளியில் பாசிப்பயறு போன்ற பயிர்களை விதைத்தது. தகட்டின் மேல் விழும் மழையைக் காலுவாய் வைத்துத் தொட்டியில் பிடித்து, தகடு கழுவ அதையே எடுத்துக்கொண்டார்கள். அந்த அமைப்பை வகுத்தவர்கள் மண்ணும் பயிரும் படித்த விஞ்ஞானிகள்.