பாசறைத் தீயும் பண்பும்

சாரணியர் முகாம் என்றதும் மாணவியர் மனம் நாடுவது, இரவில் நடைபெறும் ‘கேம்ப் ஃபயர்’ எனப்படும் பாசறைத் தீயையே. 1907-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலும் சிறுவர்கள் தீயைச் சுற்றி அமர்ந்து அவர் சொன்ன கதைகளைக் கேட்டனர். ஆனால் நம் புதுக்கோட்டை வெயில் காயும் பூமி அன்றோ! இங்கே பாடலுக்கு முன் இடத்தைப் பார்க்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் தைலமரத் தோப்புகளும் முந்திரித் தோப்புகளும் மிகுதி. அவற்றின் அருகே தீ மூட்டுவது பேதைமை. தைல இலையில் எண்ணெய் இருப்பதால் அதன் சருகு நொடியில் பற்றிக்கொள்ளும். ஆகவே வெட்டவெளியில், சுற்றிலும் பத்தடிக்குச் சருகும் புல்லும் இல்லாமல் கூட்டிவிட்டே விறகை அடுக்க வேண்டும். கூடாரங்களின் பக்கம் காற்று அடிக்கக் கூடாது. கண்மாயில் கிடக்கும் ஈரக் கற்களைச் சுற்றி வைத்தால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கல் வெடித்துத் தெறிக்கும். அரளிக் குச்சியின் புகை நஞ்சு. எரிகின்ற தீயில் மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. சுவாலை ஊற்றுபவள் கையிலுள்ள பாத்திரம் வரை ஏறிவரும்.

காய்ந்த புல் என்ன செய்யும் என்பதைத் தேனி மாவட்டத்துக் குரங்கணி காட்டியது. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், மலையேற்றம் சென்று திரும்பியவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெண்கள் பலர். மலைச்சரிவில் தீ மேல்நோக்கி வேகமாக ஓடும். கீழே எரியும் சுவாலை, மேலேயுள்ள புல்லை முன்னதாகவே சூடாக்கிவிடுகிறது. காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றிச் செல்லக் கூடாது என்பதும், அங்கே தீக்குச்சி கிழிக்கக் கூடாது என்பதும் வெறும் கெடுபிடி அல்ல.

இனிப் பண்பைப் பற்றி. புனித சனி இரவில் பாஸ்காத் திரியிலிருந்து ஒருவர்பின் ஒருவராக மெழுகுதிரி ஏற்றும்போது, முன்னால் நிற்பவளின் பின்னலைக் காக்க நாம் எவ்வளவு கவனமாகக் கையை வைத்துக்கொள்கிறோம்! பாசறைத் தீயிலும் வேண்டுவது அதுவே. விறகு போட இருவரை நியமித்தால் மற்றவர்கள் கை வைக்கக் கூடாது. தீக்கும் வட்டத்துக்கும் நடுவே குறுக்கே நடக்கக் கூடாது; ஓடிப்பிடித்து விளையாடவே கூடாது. துப்பட்டாவை இடுப்பில் முடிந்து, பருத்தி உடையோடு அமர்வது நல்லது. நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். புகை வரும் பக்கத்தில் விருந்தினரையும் சின்னஞ்சிறு தங்கைகளையும் அமர வைக்கலாகாது. (நல்ல இடத்தை முதலில் பிடிப்பவர்கள் பெரும்பாலும் பெரிய வகுப்பு அக்காமார்களே!) தீ ஓங்கி எரியும்போது ஆட்டமும் ஆரவாரமும், தணியும்போது மெல்லிய பாடல்களும் என்பது சாரணர் மரபு. யாராவது பாட்டில் தடுமாறினால் சிரிக்க வேண்டாம்.

உடையில் தீப்பற்றினால் ஓடாமல் நின்று, தரையில் படுத்து உருள வேண்டும். சுட்ட இடத்தில் மையோ, பற்பசையோ, தோசை மாவோ தடவாமல், இருபது நிமிடம் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தீயணைப்பு நிலையத்தின் எண் 101, ஆம்புலன்ஸுக்கு 108.

கடைசி ஜெபம் முடிந்ததும் எல்லோரும் கூடாரத்துக்கு ஓடிவிடுகிறார்கள். உண்மையான ஆபத்து தொடங்குவது அப்போதுதான். நாம் எரிப்பது பெரும்பாலும் சீமைக் கருவை விறகு. அதன் கங்கு லேசில் அவியாது. மண்ணைப் போட்டு மூடினால் போதும் எனப் பலர் நினைக்கிறார்கள். நம் பக்கத்தில் கரி மூட்டம் போடுகிறவர்களைப் பாருங்கள். கருவை விறகை அடுக்கி மண்ணால் மூடித்தானே நாள் கணக்கில் அதைப் புகைய விடுகிறார்கள்! மண் கங்கை மறைக்குமே தவிர, உடனே குளிரச் செய்யாது. விடியற்காலையில் செருப்பில்லாமல் அவ்வழியே வரும் சிறுமிக்கு அது வெறும் மணலாகவே தெரியும்.

ஆகவே முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். கம்பால் கிளறி, மறுபடியும் ஊற்ற வேண்டும். ‘உஸ்’ என்னும் ஓசை நின்ற பிறகு அணித்தலைவி சாம்பலுக்குச் சற்று மேலே புறங்கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். வெம்மை தெரிந்தால் இன்னொரு வாளி.